ஒயிலுக்குள் மருந்து ஊற்றும் தம்பிமாருக்கு

கார் எஞ்சின் ஒயிலுக்குள் விடுகிற மருந்தை மோட்டார் சைக்கிளுக்கு விடாதேங்கோ. பல்சரிலும் சிடி100இலும் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் குளிக்கின்றன. உராய்வைக் குறைக்கும் மருந்து அதற்குள் போனால் கிளட்ச் தட்டுகள் வழுக்கத் தொடங்கும். அக்சிலேற்றரை முறுக்கினால் எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது. (ஸ்கூட்டிக்காரர் தப்பினார்கள், அவர்களின் கிளட்ச் ஒயிலுக்கு வெளியே.) ஒயில் போத்தலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஒயிலில் குளிக்கும் கிளட்சுக்குப் பொருந்தும் என்ற தரக் குறி) என்று இருந்தால் சரி. சேர்க்க வேண்டியதை ஒயில் செய்தவனே சேர்த்திருக்கிறான்.

பெற்றோலுக்கு விடும் கிளீனர் வேறு கதை. காபரேற்றரில் பசை பிடித்திருந்தால் கொஞ்சம் உதவும். தேய்ந்த பிஸ்டன் றிங்கை ஒன்றும் செய்யாது. பெற்றோலின் ஒக்டேனைக் கூட்டும் பூஸ்டரோ, 92 ஒக்டேன் பெற்றோலிலேயே டொக் டொக் என்று தட்டாமல் ஓடும் எஞ்சினுக்கு வீண் காசு. அந்தக் காசுக்கு எயார் ஃபில்டரை மாற்றுங்கோ, காங்கேசன்துறை வீதிப் புழுதி முழுக்க அதற்குள்தான் இருக்கும்.