பூம்புகார், தரங்கம்பாடி: வேன் பயண நாட்குறிப்பு

பிப்ரவரி 7, வெள்ளி இரவு, மயிலாடுதுறை

எல்லோரும் வந்து சேர்ந்தாயிற்று. அலுவலக நண்பர்கள், அவர்கள் வீட்டார், குழந்தைகள், எங்களைவிட உற்சாகமாக இருக்கும் இரண்டு பாட்டிகள். காலை ஆறரைக்கு வேன் கிளம்பும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏழரை என்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8, சனி

ஏழே முக்கால்.

முதலில் பூம்புகார். காவிரி கடலில் சேரும் இடம் இதுதான் என்றதும் ஒரு பையன் நம்பவில்லை. "ஒகேனக்கல்ல பார்த்த ஆறா இது?" என்றான். நியாயமான கேள்வி. வெள்ளத்தின் பெரும்பகுதி திருச்சிக்கு மேலே முக்கொம்பிலேயே கொள்ளிடத்துக்குப் போய்விடுகிறது. மிச்சத்தை வழிநெடுக வயல்கள் குடிக்கின்றன. கடைசியில் கடலுக்கு வந்து சேர்வது வாய்க்கால் அளவுதான்.

1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம், கடற்கரை, படம் எடுத்தல். அவ்வளவுதான். "இங்க பார்க்க என்ன இருக்கு?" என்று வேனுக்குள் முணுமுணுப்பு. எனக்குக் கொஞ்சம் கோபம்தான். கடலையே பார்த்துக்கொண்டு நின்றால் பூம்புகாரில் ஒன்றும் கிடைக்காது. கொஞ்சம் உள்ளே வர வேண்டும். கீழையூரில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், படகைக் கட்டும் மரத்தூண்களின் அடிப்பகுதியும் கிடைத்தன. கி.மு. காலத்தவை. மேலையூர்ப் பக்கம் பல்லவனேச்சுரத்தில் ஒரு புத்த விகாரத்தின் (துறவிகள் தங்கிய மடம்) அடித்தளம் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து புத்தரின் பாதம் செதுக்கிய கல் ஒன்றும் கிடைத்தது.

திட்டத்தில் இல்லாவிட்டாலும் அங்கே வேனை நிறுத்த வைத்தேன். முழங்கால் உயரச் செங்கல் சுவர்களைப் பார்த்துவிட்டு, "வீடு கட்ட அஸ்திவாரம் போட்ட மாதிரி இருக்கு" என்றார் ஒரு பாட்டி. ஆனால் இறங்கி முழுக்கச் சுற்றி வந்தவரும் அவர் ஒருவர்தான்.

அப்புறம் தரங்கம்பாடி. இங்கே யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1792-இல் கட்டிய வெள்ளை நகர வாயிலுக்குள் வேன் நுழைந்ததும் எல்லோரும் ஃபோனை எடுத்துவிட்டார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை, நேரே கடலைப் பார்த்து நிற்கிறது. 225 வருடம் வைத்திருந்துவிட்டு 1845-இல் பிரிட்டிஷாருக்கு விற்றார்கள். கோட்டையோடு ஊரையும் விற்க முடியும் என்பதைக் குழந்தைகளுக்குப் புரிய வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மேல்தளத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, கூட்டம் முழுக்க அங்கேதான். எனக்குக் கீழ்த்தளம் பிடித்தது. கிடங்கு, வெடிமருந்து அறை, சிறை என்று தாழ்ந்த கூரையுள்ள அறைகள். சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியாரை இந்தக் கோட்டையில்தான் நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள். அவரை அனுப்பி வைத்தவர் டென்மார்க் மன்னர். சிறையில் போட்டவர் அதே மன்னரின் ஆளுநர். வியாபாரம் செய்ய வந்தவர்களுக்கு, உள்ளூர் ஏழைகளுக்காகப் பேசுகிற பாதிரியார் பெரிய தலைவலியாக இருந்திருக்கிறார். வெளியே வந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. அச்சுக்கூடம் வைத்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்ததால் காகிதத்தைத் தின்றன; சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். மூன்று வருடம் கழித்துக் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் மன்னரின் கிரீடச் சின்னம் இருக்கிறது, உள்ளே சீகன்பால்குவின் கல்லறை. 1719-இல் இறந்தபோது அவருக்கு வயது 36. இதைச் சொன்னதும் எங்கள் கூட்டத்து இளைஞர்கள் கொஞ்சம் அமைதியானார்கள். (பசியாகவும் இருக்கலாம்.)

சாப்பாட்டுக்குப் பிறகு மாசிலாமணி நாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் கட்டியது. கடல் தின்றது போக மிச்சமிருப்பதைக் கருங்கல் கொட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். டேனிஷ்காரர்கள் கப்பலை விட்டு இறங்கியபோதே இந்தக் கோயிலுக்கு முந்நூறு வயது தாண்டிவிட்டது. ஆனால் திட்டத்தில் இதற்கு ஒதுக்கியது 15 நிமிடம், அதிலும் பாதிப் பேர் வேனிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வாட்ஸ்அப் குழுவில் இருநூறு படமாவது வந்திருக்கும். கோட்டை, கோட்டை, மறுபடி கோட்டை. விகாரத்தின் படம் ஒன்றே ஒன்று, பாட்டி எடுத்தது, கட்டைவிரலோடு.

அடுத்தது நாகப்பட்டினமாம். ராஜராஜன் காலத்தில் சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமமே தானமாகக் கிடைத்தது. கடைசியாக நின்ற கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள். ஆக, அங்கேயும் "பார்க்க என்ன இருக்கு?" நிச்சயம் வரும். இந்த முறை இறங்கிய பிறகு சொல்லிப் பயனில்லை, போகும்போதே வேனில் மைக்கைக் கொடுங்கள் என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். "தாராளமா பேசுங்க சார், ஆனா டிபனுக்கு அப்புறம்" என்றார். சரி, அதுவே போதும்.