லேபிளும் ட்ரங்கு பெட்டியும்

நான் வேலை பாக்குறது குன்னூர் பக்கம் ஒரு சின்ன மியூசியத்துல. ரெண்டு ஹாலு, ஒரு ஆபீஸ் ரூம், மழை பிடிச்சா ஒழுகுற இடத்துக்கு மூணு பக்கெட். சீசன்ல வர்றதுல பாதி மழைக்கு ஒதுங்குற கூட்டம், 1819ல கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் கோத்தகிரி ஏறி வந்த கதை, 1899ல மேட்டுப்பாளையத்துலருந்து குன்னூருக்கு ரயில் வந்தது, 1908ல அது ஊட்டி போய்ச் சேந்ததுன்னு ரெண்டு சுவத்த பாத்துட்டு, பாத்ரூம் எங்கன்னு கேட்டுட்டு கிளம்பிருவாங்க. உள்ளூர் ஆளுங்க வரவே மாட்டாங்க. எதுக்கு வரணும், அவங்க வீட்டுக் கதை எதுவும் உள்ள கிடையாதே.

அதான் ஒரு வருஷம், சிலோன் தோட்டங்கள்ல தலைமுறையா வேலை பாத்துட்டு இந்தியாவுக்கு திரும்பி வந்த தமிழ் ஆளுங்களப் பத்தி ஒரு எக்ஸிபிஷன் போடுவோம்னு முடிவாச்சு. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் இவங்கள யார் எடுத்துக்கிறதுன்னு கையெழுத்து போட்டாங்க, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கயே, மிச்சம் 1,50,000 பேர அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டு, 1974ல அதையும் பாதி பாதியா பிரிச்சாங்க (சொத்து பாகம் பிரிக்கிறப்ப கூட வீட்டாளுங்கள ஒரு வார்த்தை கேப்பாங்க). வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968ல அரசாங்கம் இங்க தேயிலை போட ஆரம்பிச்சுது, அதுதான் இன்னைக்கு டேன்டீ. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்னு எங்க போனாலும் அந்தக் குடும்பங்க இருக்கு, ஆனா எங்க மியூசியத்துல அவங்களப் பத்தி ஒரு வரி இல்ல.

எஸ்டேட் ஆளுங்க குடியிருக்குற வரிசை வீட்டுக்கு லயம்னு பேரு, லயம் லயமா போய் பொருள் கேட்டோம். கோத்தகிரி பக்கத்துலருந்து ஒரு அம்மா, எழுபது வயசுக்கு மேல இருக்கும், பேத்தியோட பஸ்ஸுல தகர ட்ரங்கு பெட்டியவே தூக்கிட்டு வந்துட்டாங்க. மூடில வெள்ளை பெயிண்ட்ல வீட்டுக்காரர் பேரு, உள்ள ஒரு பித்தளை சொம்பு, ஒரு சேலை, பிளாஸ்டிக் கவர்ல இந்திய பாஸ்போர்ட். குடும்பத்துக்கே ஒரே பாஸ்போர்ட், ஒரே போட்டோல புருஷன் பொண்டாட்டி மூணு பிள்ளைங்க, கடைசிப் பிள்ளை ஆடிட்டான் போல, மூஞ்சி மட்டும் கலங்கியிருக்கு. இரவல் வாங்குனதுக்கு ரசீது எழுதிக் குடுத்தேன், அத ரெண்டா மடிச்சு சுருக்குப் பையில வெச்சிக்கிட்டாங்க.

தப்பு பண்ணது நான்தான். திறப்புக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு உக்காந்து நாப்பது லேபிள் டைப் அடிச்சேன், அதுல பாஸ்போர்ட்டுக்கு "இலங்கையிலிருந்து வந்த அகதிக் குடும்பத்தின் கடவுச்சீட்டு"ன்னு போட்டுட்டேன். மறுநாள் அந்த அம்மா கண்ணாடிப் பெட்டி முன்னாடி நின்னு பேத்திய படிக்கச் சொன்னாங்க. படிச்சு முடிச்சதும் என்னைக் கூப்பிட்டு, சத்தமே போடாம, "ஏன் தம்பி, பாஸ்போர்ட்ட பக்கத்துலயே வெச்சிக்கிட்டு அகதின்னு எழுதியிருக்கீங்களே"ன்னாங்க. 83 கலவரத்துக்கு அப்புறம் உயிர் தப்பி போட்ல வந்தவங்க அகதி, அவங்க கஷ்டம் வேற, நாங்க கோச்சில (ரயில அங்க அப்பிடித்தான் சொல்வாங்க) தலைமன்னார் வந்து கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல சீல் குத்தி இறங்குனவங்கன்னு நிதானமா சொன்னாங்க. பேத்தி மட்டும், ஸ்கூல்லயும் அப்பிடித்தான் சொல்றாங்கன்னு முணுமுணுத்துச்சு. எனக்கு தலை நிமிரல.

அன்னைக்கே அந்த லேபிள கிழிச்சிட்டு "தாயகம் திரும்பியோர்"னு மாத்துனேன். அதோட விடல, அந்த அம்மாவ சேர் போட்டு உக்கார வெச்சு மத்த லேபிள் எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுனேன். "தொழிலாளர் குடியிருப்பு"ன்னதுக்கு சிரிச்சிட்டாங்க, லயம்னு போடுங்கன்னாங்க. "காலை வருகைப் பதிவு" பெரட்டு ஆச்சு, "செடி கத்தரித்தல்" கவ்வாத்து ஆச்சு. டூரிஸ்டுக்கு புரியாதுன்னு எங்க மேலதிகாரி ஒத்துக்கல, கடைசில லயம்னு பெருசாவும் அதுக்குக் கீழ விளக்கம் பொடி எழுத்துலயும் போடலாம்னு ஒரு ராசிக்கு வந்தோம். துரை குதிரை மேல உக்காந்திருக்க ஒரு போட்டோவ நான் எடுத்துடலாம்னு நெனச்சேன், அந்த அம்மா விடல, "அவரு இருந்தாருல்ல, இருக்கட்டும்"னுட்டாங்க.

அந்த ஐப்பசி முழுக்க எங்களுக்கு மழையோடதான் சண்டை. ஹால்ல ஈரப்பதம் காட்டுற மீட்டர் 85க்கு கீழ இறங்கல, இந்த ஊர்ல பேப்பர மூடி வெச்சா பூஞ்சை, திறந்து வெச்சா ஈரம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வெப்போம், நீல மணி ஈரம் குடிச்சு ரோஸ் ஆயிடும், பிரிச்சுக் கொட்டி அதுக்குன்னே வெச்சிருக்க பழைய வாணலில இளஞ்சூட்டுல வறுத்தா மறுபடி நீலம். வாரத்துக்கு ரெண்டு தடவை வறுத்தேன், வாட்ச்மேன் அண்ணன் என்ன சார் கடலையான்னு கேப்பாரு.

மூணு மாசம் கழிச்சு ரசீத அதே மடிப்போட கொண்டு வந்து நீட்டுனாங்க. பெட்டிய திறந்து பாஸ்போர்ட்ட முன்னயும் பின்னயும் புரட்டிப் பாத்துட்டு, அடியில கிடந்த ஜெல் பாக்கெட்ட எடுத்து இது என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். "எங்க லயத்துல சுவரே ஊறி நிக்குது தம்பி, இது ஒண்ணு எத்தன நாளைக்கு வரும்?"

இன்னும் நாலு பாக்கெட் போட்டு, ரோஸ் ஆனா வறுக்கணும், அந்த வாணலில சோறு குழம்பு வைக்கக் கூடாதுன்னு பேத்திகிட்ட ரெண்டு தடவை சொல்லி பஸ் ஏத்தி விட்டேன். ஸ்டாக் ரெஜிஸ்டர்ல அஞ்சு பாக்கெட் செலவுன்னு எழுதிக்கிட்டேன்.