ஒன்ராறியோவில் பொறியியலாளர் அனுமதிப்பத்திரம்: பரீட்சைக்கும் விண்ணப்பத்துக்கும் தயாராகும் முறை

இலங்கையிலோ இந்தியாவிலோ பல ஆண்டுகள் பொறியியலாளராகப் பணியாற்றிவிட்டு ஒன்ராறியோவில் குடியேறியவர்களை நெடுங்காலம் தடுத்து நின்றது, கனடாவில் ஓராண்டு வேலை அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையாகும். நல்ல வேலைக்கு அனுமதிப்பத்திரமும், அனுமதிப்பத்திரத்துக்கு அந்த வேலையும் தேவைப்பட்ட அநீதியான நிலை 2023 மே மாதத்தில் நீங்கியது. நான்கு ஆண்டு அனுபவம் இன்றும் தேவை. ஆனால் அதை எந்த நாட்டிலும் பெற்றிருக்கலாம்.

அனுமதிப்பத்திரத்துக்காக எழுத வேண்டிய, சட்டத்தையும் நெறிமுறையையும் சோதிக்கும் தொழில்முறை நடைமுறைப் பரீட்சையில் இரண்டரை மணி நேரத்தில் 110 பல்தேர்வு வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். ஒப்பந்தச் சட்டம், கவனயீனத்துக்கான பொறுப்பு, புலமைச் சொத்து ஆகியவற்றைப் பாடநூலை ஒழுங்காகப் படித்தால் கடந்துவிடலாம். நெறிமுறை வினாக்களுக்குத்தான் மனப்பாடம் உதவாது. தாம் சரிபார்க்காத வரைபடத்தில் முத்திரையிடும்படி மேலதிகாரி சொன்னால் என்ன செய்வது என்ற வகை வினாவில், மேலதிகாரிக்குப் பணிவதையே ஒழுக்கமாகக் கருதும் அலுவலகங்களில் வளர்ந்த நம்மவர் பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பொறியியலாளரின் முதற்கடமை பொதுமக்களின் பாதுகாப்பே என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு விடைகளைப் பார்க்க வேண்டும். 1907இல் கியூபெக் பாலம் கட்டுமானத்தின்போதே இடிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் உறுப்புகள் வளைவதை முன்னரே கண்டும் வேலை உரிய நேரத்தில் நிறுத்தப்படவில்லை என்ற வரலாற்றை ஒருமுறை வாசித்தால் இந்த வினாக்களின் நோக்கம் விளங்கும்.

பரீட்சையைவிட அதிக உழைப்பைக் கோருவது, அந்த நான்கு ஆண்டு அனுபவத்தை விண்ணப்பத்தில் விளக்கும் அனுபவ அறிக்கை. ஏழு பிரிவுகளில் 34 திறன்களுக்கும் தனித்தனியே சான்று எழுத வேண்டும். அடக்கம் கருதி நாம், "எங்கள் குழு பாலத்தைக் கட்டி முடித்தது" என்று எழுதுகிறோம். அதற்கு மதிப்பீட்டாளரால் புள்ளி வழங்க முடியாது. "மண் பரிசோதனையில் தாங்குதிறன் வடிவமைப்பில் கொண்டதைவிடக் குறைவாக இருந்ததைக் கண்டு, அத்திவாரத்தின் அகலத்தை மீளக் கணித்து, ஒப்பந்தகாரருக்கு எழுத்தில் அறிவித்தேன்" என்று, நிலைமை, உங்கள் முடிவு, அதன் விளைவு என்ற ஒழுங்கில் எழுதுங்கள். நேர்முகத் தேர்வுகளிலும் பெரும்பாலும் இவ்வாறான விளக்கத்தையே கேட்கிறார்கள் என்பதால், இதற்குச் செலவிடும் மாதங்கள் வேலை தேடலுக்கும் பயன்படும்.

நீங்கள் எழுதியதை உங்கள் வேலையை நேரில் அறிந்த பொறியியலாளர்கள் உறுதிப்படுத்த வேண்டும் என்பதால், முன்னாள் மேற்பார்வையாளர்கள் ஓய்வுபெற்றோ இடம் மாறியோ போகுமுன் இப்போதே அவர்களுடன் தொடர்பை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.