ஏற்காட்டு ரோடும் காப்பித் தோட்டத்து மண் பாதையும்: ஒரு வருட அனுபவம்

மூன்று வருடமாக ஞாயிறு என்றால் எனக்கு சைக்கிளில் ஏற்காடு மலைப்பாதைதான். விடியற்காலை ஐந்து மணிக்கு அஸ்தம்பட்டியில் கிளம்பி, கோரிமேடு தாண்டி, அடிவாரத்தில் ஒரு டீ. அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள்தான் இருக்கிறது. மேலே ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியிருப்போம். ஏறுவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். இறங்குவதுதான் தகராறு.

போன வருடம் ஆகஸ்ட் மாதம். முந்தின இரவு நல்ல மழை. இறங்கும்போது ஒரு வளைவில், மேலே இருந்து அடித்துக்கொண்டு வந்த மணலும் பொடிக்கல்லும் ரோட்டில் பரவிக் கிடந்தன. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்டிலைத் திருப்பினேன். முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இடது முழங்கையும் இடுப்பும் தேய்ந்தன. பின்னால் வண்டி ஏதும் வராததால் அதோடு போயிற்று. காயம் பத்து நாளில் ஆறியது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு இறக்கத்திலும் பிரேக்கை விடவே மனம் வரவில்லை. கீழே வந்து சேரும்போது விரல்களை மடக்க முடியாத அளவுக்கு வலி. என் ரோடு பைக்கில், அதாவது தார் ரோட்டுக்கான சைக்கிளில், இருப்பது சக்கரத்தின் விளிம்பையே அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக். விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும், அந்தச் சூட்டில் ட்யூப் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. பயத்தில் செய்வது பயத்தைவிடப் பெரிய ஆபத்தாக இருந்தது.

மெதுவாகப் போகும்போதே வழுக்கிப் பழகினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. அக்டோபரில் ஓசூர் நண்பர் ஒருவரிடமிருந்து மண் பாதையில் ஓட்டுவதற்கான பழைய மவுன்டன் பைக் (எம்டிபி) ஒன்றை வாங்கினேன். 29 அங்குலச் சக்கரம், முன்னால் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்.

முதல் மாதம் முழுக்க மூக்கனேரி, கன்னங்குறிச்சி புதுஏரிப் பக்கத்து மண் தடங்களில்தான் ஓட்டினேன். ரோடு பைக் பழக்கத்தில் டயருக்கு 50 பிஎஸ்ஐ காற்று அடித்திருந்தேன். ஒவ்வொரு கல்லிலும் வண்டி பந்து மாதிரி எகிறியது. சைக்கிள் கடைத் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, 28க்கு இறக்குங்க" என்றார். அன்றைக்கே அது வேறு வண்டியாகிவிட்டது. டயர் தரையை அணைத்துக்கொண்டு போவது கைக்கே தெரிந்தது. அதற்காக இன்னும் குறைக்கலாம் என்று போனால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அதையும் ஒருமுறை பார்த்தாயிற்று. ஏரிக்கரையில் கிடந்த சீமைக் கருவேல முள் தனிக்கதை. ஒரே வாரத்தில் நான்கு பஞ்சர். கடைசியில் ட்யூபை எடுத்துவிட்டு டயருக்குள் சீலன்ட் ஊற்றி ட்யூப்லெஸ் ஆக்கினேன். முள் குத்தினாலும் அந்தத் திரவம் ஓட்டையை உடனே அடைத்துவிடுகிறது. சேலத்தில் மண்ணில் ஓட்ட நினைப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

டிசம்பரில் மலைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, நுழையவும் இல்லை. நாகலூர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். பழம் பறிக்கும் காலம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சொன்னார்: "ஓட்டுங்க தம்பி. ஆளுங்க பறிக்கிற பக்கம் மட்டும் இறங்கி உருட்டிட்டுப் போங்க. நாலு மணிக்கு மேல இருக்காதீங்க, காட்டு மாடு வரும்." அவர் சொன்னதை இன்று வரை மீறியதில்லை.

மண் பாதை ஏற்றம் ரோடு ஏற்றம் மாதிரி இல்லை என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே புரிந்துவிட்டது. தார் ரோட்டில் செங்குத்து வந்தால் எழுந்து நின்று மிதிப்பேன். இங்கே எழுந்து நின்ற மறுநொடியே பின்சக்கரத்துக்குப் பாரம் குறைந்து, அது இருந்த இடத்திலேயே சுற்றியது. சீட்டின் நுனிக்கு நகர்ந்து, மார்பை ஹேண்டில் பக்கம் தாழ்த்தி, உட்கார்ந்தபடியே சீராக மிதிக்க வேண்டும். ரோட்டில் மூன்று வருடம் சேர்த்த மூச்சும் காலும் இங்கே நன்றாகவே உதவின. ஆனால் இரண்டு மணி நேரத்தை ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும் வித்தை இங்கே செல்லாது. அரை நிமிடம் உயிரைக் கொடுத்து மிதி, பிறகு மூச்சு வாங்கு, மறுபடி மிதி.

இறக்கத்துக்குத்தானே வந்தேன். சில்வர் ஓக் மரத்துச் சருகு ஈரத்தோடு கிடந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். அதன் மேல் பிரேக் பிடித்தால் விழ வேண்டியதுதான். அதனால் சருகுக்கு முன்பே, கெட்டியான மண்ணிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, சருகின் மேல் கைகளைத் தளர்த்தி வண்டியைப் போக விட வேண்டும். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், முழங்கை மடிந்து, குதிகால் கொஞ்சம் கீழே இறங்கி இருக்க வேண்டும். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். ஜனவரிக்குள் ஏழெட்டு முறை விழுந்திருப்பேன். எல்லாம் நடக்கிற வேகத்தில், மெத்தென்ற மண்ணில். சக்கரம் வழுக்கத் தொடங்கும் அந்த நொடி எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துகொண்டே வந்தது. அது தெரிந்தபின் பயம் பாதியாகிவிட்டது.

இரண்டு வகையையும் ஓட்டிப் பெரிய உயரத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கேடல் எவன்ஸ் மவுன்டன் பைக்கில் உலகக் கோப்பைகள் வென்றவர். பிறகு 2011இல் ரோடு சைக்கிளின் மிகப் பெரிய பந்தயமான டூர் டி பிரான்ஸையே வென்றார். டாம் பிட்காக் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மவுன்டன் பைக் தங்கம் வாங்கினார். மறு வருடமே டூரில் ஆல்ப் துயெஸ் மலை உச்சியில் முதலாவதாக வந்து நின்றார். அந்த மலைக்கு 21 கொண்டை ஊசி வளைவுகள், நம் மலையைவிட ஒன்றே ஒன்று கூடுதல். அன்றைக்கு அவர் கலிபியே கணவாயிலிருந்து இறங்கிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, மண்ணில் வளர்ந்த கை என்பது சட்டெனத் தெரியும். போலின் ஃபெரான்-பிரெவோ 2024இல் பாரிஸில் மவுன்டன் பைக் தங்கம், 2025இல் பெண்களுக்கான டூர் பட்டம். அவர்கள் உலகம் வேறு, சரி. ஆனால் அந்த வீடியோக்களை இப்போது பார்க்கும்போது கை எங்கே இருக்கிறது, பிரேக்கை எப்போது விடுகிறார்கள் என்பது கண்ணில் படுகிறது. முன்பு வேகம் மட்டும்தான் தெரிந்தது.

இப்போதைய வழக்கம்: ஞாயிறு ரோடு, வாரநாளில் ஒரு காலை மூக்கனேரிக் கரை, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை தோட்டம். மார்ச்சில் கோடை மழை ஒன்று விழுந்த ஒரு வாரத்துக்குப் பிறகு போனேன். காப்பிச் செடி முழுக்க வெள்ளைப் பூ, மல்லிகைப் பந்தலுக்குள் சைக்கிள் ஓட்டுவது போல வாசம். அன்றைக்குப் பயிற்சி எதுவும் செய்யவில்லை. பாதிப் பாதையை உருட்டிக்கொண்டே நடந்தேன்.

அடிவாரத்திலிருந்து ஏரி வரை ஏறும் நேரம் 1 மணி 54 நிமிடத்திலிருந்து 1 மணி 46 நிமிடமாகியிருக்கிறது. அந்த அரை நிமிட மிதிகள்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிறு மறுபடி முந்தின இரவு மழை. நான் விழுந்த அதே வளைவு, அதே மாதிரி மணல். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தேன். வெளிப்பக்கப் பெடலைக் கீழே இறக்கி அதன் மேல் பாரத்தை வைத்தேன், பிரேக்கை விட்டேன், கண்ணை வளைவு முடியும் இடத்துக்குக் கொண்டுபோனேன். முன்சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. கை இறுகவில்லை. சக்கரம் தானாகவே பிடித்துக்கொண்டது.

கீழே வந்து தட்டுவடை செட் சாப்பிடும்போது விரல்கள் சாதாரணமாக இருந்தன. வரும் ஞாயிறு குப்பனூர் வழியாக இறங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.