அரைக்கைச் சட்டை

சயின்ஸ் சார் கையில் இருப்பது சாக்பீஸ் தூள் என்றுதான் முதல் வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். 1992 ஜூன், பத்தாம் வகுப்பு. அவர் அப்போதுதான் மாற்றலாகி நம் பள்ளிக்கு வந்திருந்தார். போர்டில் எழுதி முடித்துக் கையைத் தட்டுவார்; தூள் பறக்கும், வெள்ளை மட்டும் அப்படியே இருக்கும். விரல் நுனி, மணிக்கட்டு, முழங்கை என்று திட்டுத் திட்டாக. வகுப்பில் மற்றவர்களுக்கு முன்னால் எனக்குத்தான் அது புரிந்திருக்க வேண்டும். தாவணி முந்தானைக்குள் நான் சுருட்டி வைத்திருந்த இடது கையிலும் அதே வெள்ளைதான்.

ஒன்பதாவது அரையாண்டு லீவில் எட்டணா அகலத்துக்கு ஆரம்பித்தது. பாட்டி கார்போகரிசியை அரைத்துப் பூசி, காலை வெயிலில் திண்ணையில் உட்காரவைப்பார். தோல் கொப்பளித்ததுதான் மிச்சம். மீன் கூடாது, புளி கூடாது, தயிர் கூடாது. வாய்க்காலில் தண்ணீர் வடிந்து தெருவே விரால் குழம்பு மணக்கிற நாளில், எனக்கு மட்டும் உப்பில்லாத கஞ்சி. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, அவர்கள் கிளம்பும்வரை என்னைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்தார்கள். பிறகு அம்மா ஒரு கிண்ணத்தில் கேசரி கொண்டுவந்து கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கேசரியில் இருந்த ஒரே ஒரு முந்திரியை இன்றும் மறக்கவில்லை.

பஸ்ஸில் வருவது இன்னொரு பாடு. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் பஸ் நின்றுவிடும். எல்லோருக்கும் வேடிக்கை பார்க்க நேரம் கிடைக்கும். ஒரு நாள் கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்த ஓர் அம்மா, தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். 'வெண்குஷ்டம்' என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதும் காதில் விழுந்தது. அன்றிலிருந்துதான் கை முந்தானைக்குள் போனது.

அந்தச் சொல்லைத்தான் சார் எங்கள் போர்டில் அடித்தார். 1993 பிப்ரவரி. பின் பெஞ்சுப் பையன் ஒருவன், "மைக்கேல் ஜாக்சன் ஆபரேஷன் பண்ணித்தான் வெள்ளையா மாறிட்டாராமே சார்?" என்று கேட்டான். "தோல்ல நிறம் போற நோய் தனக்கு இருக்குன்னு அவரே இந்த மாசம் டிவி பேட்டியில சொல்லியிருக்காருடா. இதோ, இதேதான்" என்று சார் தன் இரண்டு கையையும் நீட்டினார். வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு 'வெண்குஷ்டம்' என்று பெரிதாக எழுதி, 'குஷ்டம்' என்பதன் மேல் கோடு கிழித்தார். குஷ்டம் ஒரு பாக்டீரியாவால் வருவது, 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார், அதுவும் இப்போது மருந்தில் குணமாகிறது, அதற்காகவும் யாரையும் ஒதுக்க வேண்டியதில்லை என்றார். இதிலோ கிருமியே கிடையாது. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்குகிற செல்கள் அங்கங்கே அழிந்துபோகின்றன, அவ்வளவுதான். தொட்டால் ஒட்டாது. மீன் தின்றாலும் வராது. (பாட்டியிடம் அன்றைக்கே போய்ச் சொன்னேன். நம்பவில்லை.) உலகத்தில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது என்பதெல்லாம் பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டது. பின்னாளில் தமிழ்நாடு அரசும் பழைய பெயரை விட்டுவிட்டு 'வெண்புள்ளிகள்' என்றே குறிப்பிட உத்தரவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது அந்தக் கோடுதான் கண்முன் வந்தது.

சார் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. லேபில் ஒரு நாள் டெஸ்ட் டியூபை ஒரே கையால் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றவர், தன் கதையைத்தான் சொன்னார். "நானும் எட்டு வருஷம் முழுக்கைச் சட்டைதாம்மா போட்டேன். சித்திரை வெயில்லயும் கழட்ட மாட்டேன். ஒரு குறுவைக்கு ஊருக்குப் போயிருந்தப்ப எங்கப்பா திட்டுனாரு. முழுக்கையோட எவன்டா நாத்து பறிப்பான்னு. மடிச்சு விட்டேன். அப்புறம் இறக்கவே இல்ல."

உடனே நான் முந்தானையை உதறிவிடவில்லை. அடுத்த நாளும் கை உள்ளேதான் இருந்தது. ஆனால் தினமும் காலை முதல் பீரியடில் அந்த அரைக்கைச் சட்டை உள்ளே வரும். புது ஹெட்மாஸ்டர் வந்த அன்றும், பெற்றோர் கூட்டத்தன்றும், இன்ஸ்பெக்‌ஷன் அன்றும் அதே அரைக்கைதான். யார் பார்க்கிறார்கள் என்று அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. ஒரு பிரசங்கம் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். இதை மறக்க முடியவில்லை.

சிங்கப்பூருக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. இங்கே ரயிலில் கம்பியைப் பிடித்தபடிதான் வேலைக்குப் போகிறேன். இப்போது வெள்ளை கழுத்துவரை வந்துவிட்டது. ஜூன் 25 உலக வெண்புள்ளி தினம். ஜாக்சன் 2009இல் இறந்ததும் அதே தேதியில்தான். அந்தப் பின் பெஞ்சுப் பையனும் நம் முன்னாள் மாணவர் சங்கத்தில் இருக்கிறான், வருஷம் தவறாமல் அன்றைக்குப் போன் செய்வான்.

சங்கத்தின் இந்த மலரில் போட ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். 1993 மார்ச்சில் எடுத்த குரூப் போட்டோ. முன்வரிசையில் நாற்காலியில் சார். போட்டோகிராபர் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "சார், கையைக் கொஞ்சம் மடக்கி உள்ள வச்சுக்கங்க" என்றார். "இருக்கட்டும் தம்பி, எடுங்க" என்று சார் இரண்டு கையையும் முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டார். இரண்டாவது வரிசையில், இடமிருந்து நான்காவது நான். முந்தானை தோளில் இருக்கிறது. இடது கை பக்கத்துப் பெண்ணின் தோள்மேல் இருக்கிறது.