லைக்கா வாங்கலாமா, ஃபிலிம்லயே ஓட்டலாமா: எட்டு மாசக் கணக்கு நோட்டு

போன ஜூன்ல சேலம் செவ்வாய்ப்பேட்டைல பெரியப்பா வீட்டுப் பரண்ல ஏறி பித்தளைப் பாத்திரம் இறக்கிட்டு இருந்தப்ப ஒரு தோல் உறை கையில சிக்குச்சு, தொறந்தா உள்ள யாஷிகா எலக்ட்ரோ 35, ஜிஎஸ்என் மாடல் ஃபிலிம் கேமரா. சிங்கப்பூர்லேந்து வந்த சிநேகிதர் ஒருத்தர்கிட்ட பெரியப்பா வாங்கினதாம். அவரு அம்பது வருஷம் கொலுசுப் பட்டறை வெச்சிருந்தவரு, இப்ப பசங்க பாத்துக்கறாங்க. "எடுத்துக்க கண்ணு, ஆனா எடுத்தா ஓட்டணும், அலமாரில வெச்சு அழகு பாக்கறதுன்னா வேண்டாம்"னு சொல்லிக் குடுத்தாரு.

இது ரேஞ்ச்ஃபைண்டர்ங்கற வகை, அதைக் கையில எடுத்தது அதுதான் முதல் தடவை. பாக்கற கண்ணாடிக்கு நடுவுல சின்னதா மஞ்சக் கட்டம், அதுக்குள்ள ஆள் ரெட்டையா தெரிவாரு, லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ரெண்டும் நகந்து வந்து ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும், உக்காந்த நிமிஷம் ஃபோகஸ். ஃபோன்லயும் மிரர்லெஸ்லயும் பத்து வருஷமா படம் எடுத்திருக்கேன், இந்த சுகம் அதுல கெடைக்கல. ரெண்டே வாரத்துல எனக்கு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் ஆசை, அதாவது லைக்கா ஆசை வந்துருச்சு, ஃபிலிம் செலவு இல்லாம இதே சுகம் கெடைக்குமேனு. அப்ப ஆரம்பிச்சதுதான் இந்த நோட்டு, ஜூலைலேந்து பிப்ரவரி வரைக்கும் ஒரு ரூபா விடாம எழுதி வெச்சிருக்கேன்.

முதல்ல கேமராவை ஓட வெச்ச கதை. எலக்ட்ரோ 35ல ஃபிலிம் நகத்தற லீவரை இழுக்கறப்ப உள்ளேந்து டொக்குனு ஒரு சத்தம் வரணும், வரலன்னா உள்ள இருக்கற சின்ன ரப்பர் துண்டு கரைஞ்சு போச்சுனு அர்த்தம், அது போனா மீட்டர் காட்டறது ஒண்ணு ஷட்டர் பண்றது ஒண்ணு. என்னோடதுல சத்தம் வரல. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வாட்சும் கேமராவும் பாக்கற ஒரு அண்ணன் ரப்பர் மாத்தி, லென்ஸ் தொடச்சுக் குடுத்தாரு, 2,800 ரூபாய். பேட்டரி அடுத்த சிக்கல், இதுக்கு வேண்டிய 5.6 வோல்ட் மெர்க்குரி பேட்டரி இப்ப தயாரிக்கறதே இல்ல. 4எல்ஆர்44னு ஒரு 6 வோல்ட் பேட்டரி கெடைக்குது, அளவுல சின்னது, அட்டையை உருட்டி சுத்தி, மிச்ச நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங் வெச்சா ஓடுது. பேட்டரி இல்லன்னா ஷட்டர் 1/500 செகண்ட்லயே நிக்கும், வேற வேகமே கெடையாது.

ஃபோகஸ் சரியா இருக்கானு பாக்கறதுக்கு எங்க மொட்டை மாடியே போதும். வீடு கோரிமேட்டுல, எதுக்க சேர்வராயன் மலை. ராத்திரி மலை ரோட்டுல ஏறற வண்டியோட ஹெட்லைட்டைப் பாத்து வளையத்தைக் கடைசி வரைக்கும் திருப்புனா வெளிச்சம் ஒரே புள்ளியா தெரியணும், எனக்கு ரெண்டு புள்ளியா தெரிஞ்சுது. திரும்ப எடுத்துட்டுப் போனேன், அந்த அண்ணன் மேல் மூடியைக் கழட்டி ஒரு திருகாணியை முடியளவு திருப்பிக் குடுத்தாரு, காசு வாங்கல.

சரி, செலவு. கலர் ரோல் கோடாக் கோல்டு 200 எனக்கு 950 ரூபாய்க்கு கெடைச்சுது, லேப்ல கழுவி ஸ்கேன் பண்ண 500, மூணு ரோல் சேத்து அனுப்புனா கொரியர் ரோலுக்கு 50, ஆக 1,500. 36 படம், ஒரு படத்துக்கு கிட்டத்தட்ட 42 ரூபாய். ஒரு அமுக்குக்கு 42 ரூபாய்ங்க, அஞ்சு ரோட்டுல ஒரு தட்டுவடை செட் காசு. பெரியப்பா காலத்துல ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்துச்சு, 1960ல அரசாங்கம் ஆரம்பிச்சது, இந்துனு பேரு போட்ட கறுப்பு வெள்ளை ஃபிலிம் அங்கேந்துதான் வரும். அந்த ஃபேக்டரி மூடியாச்சு, இப்ப நம்ம கைக்கு வர்றதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, டாலரும் டூட்டியும் சேந்துதான் விலை.

கறுப்பு வெள்ளையை வீட்லயே கழுவுனா என்ன ஆகும்னு ஆகஸ்ட்ல கணக்குப் போட்டேன். கென்ட்மியர் 400, 100 அடி சுருள் 8,800 ரூபாய்க்கு வாங்குனேன், அதுல 36 படம் வர்ற மாதிரி 18 ரோல் சுத்தலாம், ரோலுக்கு 490 விழுது. டெவலப்பருக்கு, அதாவது ஃபிலிம்ல படத்தை வெளிய கொண்டு வர்ற கரைசலுக்கு, காபி! கேஃபினால்னு பேரு, 1995ல ராச்செஸ்டர்ல ஒரு காலேஜ் வாத்தியாரும் அவரோட மாணவர்களும் கண்டுபிடிச்சது. காபித்தூள்ல இருக்கற கேஃபிக் ஆசிட்தான் வேலை செய்யுது, வைட்டமின் சி அதுக்குத் துணை, வாஷிங் சோடா தண்ணிக்குக் காரம் ஏத்துது. ஒரு லிட்டருக்கு இன்ஸ்டன்ட் காபி 40 கிராம், வாஷிங் சோடா 54, வைட்டமின் சி 16. ஃபிலிம் கழுவற என் டேங்க்குக்கு 300 மில்லி போதும், அதனால 12, 16, 5 கிராம். 20 டிகிரில 15 நிமிஷம். ஏற்காட்டு எஸ்டேட் அராபிகா பொடி வீட்ல இருந்தாலும் இதுக்கு அது தோதுப்படாது, மட்டமான ரொபஸ்டா இன்ஸ்டன்ட்தான் நல்லா கறுப்பு ஏத்தும்.

முதல் ரோல் போச்சு. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழால எடுத்தது, அக்கினிக் கரகம், கூட்டம், பொங்கல் அடுப்புப் புகைனு மனசாரப் பாத்துப் பாத்து எடுத்த 36 படம், டேங்க்கைத் தொறந்தா சிகரெட் புகை மாதிரி வெளிறிப்போன நெகட்டிவ். ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகல, அவ்வளவு வருத்தம். அப்புறந்தான் புரிஞ்சுது, நான் வாங்கினது கல்கண்டு மாதிரி பளபளன்னு இருக்கற சோடாக் கட்டி, அதுக்குள்ள பாதிக்கு மேல தண்ணிதான், ரெசிப்பில சொல்ற 54 கிராம் காஞ்ச பொடி, கட்டின்னா 146 கிராம் போடணும். நான் மூணுல ஒரு பங்கு காரந்தான் போட்டிருக்கேன். இப்ப கட்டியை பழைய வாணலில போட்டு வெள்ளை மாவாகற வரைக்கும் வறுத்து, ஆறவெச்சு, டப்பால அடைச்சு வெக்கறேன். வறுக்கறப்ப முதல்ல உருகி கொதிக்கும், பயப்பட வேண்டாம், தண்ணி போனதும் தானா உதிரும். ஆப்பச் சோடா வேற, வாஷிங் சோடா வேற, அதையும் மாத்திப் போட்டுறாதீங்க.

சேலத்துல அடுத்த சிக்கல் சூடு. குழாய்த் தண்ணி அக்டோபர்லயே 28 டிகிரி இருக்கு, 20க்குக் கொண்டு வர பக்கெட்ல ஐஸ் போட்டு பாட்டிலை அதுல நிறுத்தி வெக்கணும். டிசம்பர்ல ஏற்காட்டுல தங்கினப்ப ரூம் குழாய்லயே 18 டிகிரி, கொஞ்சம் வெந்நீர் கலந்தா போதும், அங்கயே ரெண்டு ரோல் கழுவிட்டேன். நாத்தம் மட்டும் எங்க போனாலும் ஒண்ணுதான், ஜன்னல் தொறந்து வெச்சே ஆகணும். இந்த வழியில கெமிக்கலுக்கு ரோலுக்கு 65 ரூபாய் ஆகுது, ஃபிலிமோட சேத்து 555, படத்துக்கு பதினஞ்சரை ரூபாய். ஸ்கேன் இல்ல, லைட் பேட் மேல நெகட்டிவ் வெச்சு என்னோட மிரர்லெஸ்ல எடுத்துக்கறேன்.

அந்த டிசம்பர்லதான் டிஜிட்டல் பக்கமும் பாத்தேன். பெங்களூரு நண்பர் ஒருத்தர் தன்னோட லைக்கா எம் டைப் 240 ரெண்டு நாளைக்குக் குடுத்தாரு. 2013ல வந்த மாடல், 24 மெகாபிக்சல், ஃபுல் ஃப்ரேம், அதாவது சென்சார் 35 எம்எம் ஃபிலிம் அளவே இருக்கும். யாஷிகாவும் அதுவுமா கழுத்துல போட்டுக்கிட்டு ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசியும் ஏறிப் போனேன்.

விடிகாலைல சேர்வராயன் கோயில் பக்கம் பனி. பனியில ரெண்டு கேமராவுக்கும் கஷ்டந்தான், கட்டத்துக்குள்ள விளிம்புனு ஒண்ணு தெரிஞ்சாத்தான சேக்க முடியும், எல்லாம் வெள்ளைன்னா எதை எதோட சேக்கறது. அங்கேந்து கீழ எஸ்டேட் ரோட்டுக்கு வந்ததும் நிலைமை மாறிப் போச்சு. காபிச் செடிக்கு நிழலுக்கு நட்டிருக்கற சில்வர் ஓக் நெட்டுக்குத்தா நிக்குது, அதுல மொளகுக் கொடி ஏறியிருக்கு, ரேஞ்ச்ஃபைண்டர்ல உருவம் இடவலமாத்தான் நகரும், அதனால இந்த நெட்டுக் கோடு அதுக்குன்னே நட்ட மாதிரி இருக்கு. லைக்கால கட்டம் ஓரம் வெட்டுனாப்ல தெளிவா இருக்கு, மரம் ரெண்டு ஒண்ணாகற இடத்துல சந்தேகமே இல்ல. யாஷிகால கட்டம் கொஞ்சம் மங்கல், கண்ணைச் சுருக்கணும். பகோடா பாயின்ட்ல சாயங்காலம் இருட்டுனப்ப யாஷிகால மஞ்ச விளக்கு எரிஞ்சுது, அதாவது ஷட்டர் 1/30க்குக் கீழ போகுது, கை ஆடும். லைக்கால வெளிச்ச உணர்திறனை ஏத்தி, ஐஎஸ்ஓ 3200 வெச்சு கல்லு மேல உக்காந்திருந்த பாட்டியோட முகச் சுருக்கம் வரைக்கும் எடுத்தேன். அந்தப் படத்தை ஃபிலிம்ல என்னால எடுத்திருக்க முடியாது, மறைக்காம சொல்றேன்.

திருப்பிக் குடுக்க மனசே வரல. அதே மாடல் பழசு 2,40,000 ரூபாய்னு விலை சொன்னாங்க, லென்ஸ் சுமாரா 60,000, ஆக 3 லட்சம். இதைவிடக் கம்மில பழைய மாடல்கள் இருக்கு, ஆனா கவனிச்சு வாங்கணும். முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் எப்சன் ஆர்-டி1, 2004ல வந்தப்ப 2,999 டாலர், 6 மெகாபிக்சல், டிஜிட்டலா இருந்தும் லீவர் இழுத்துத்தான் ஷட்டர் ஏத்தணும், அழகான பொருள், ஆனா ரிப்பேருக்கு ஆள் தேடணும். 2006ல வந்த லைக்கா எம்8ல கறுப்பு சிந்தெடிக் துணி ஊதாவா விழும், லென்ஸ் முன்னாடி அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கற ஐஆர் ஃபில்டர் போட்டே தீரணும். 2009ல வந்த எம்9ல கலர் பிரமாதம்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா சென்சார் மேல இருக்கற கண்ணாடி அரிச்சுப் போற நோய் உண்டு, சென்சார் மாத்தினதானு கேக்காம கை நீட்டாதீங்க. புதுசுன்னா எம்11, 2022ல வந்தப்பவே பாடி மட்டும் 8,995 டாலர், அது நமக்கு ஆகற காரியம் இல்ல.

நோட்டைக் கூட்டினேன். எட்டு மாசத்துல 11 ரோல், கலர் 4, கறுப்பு வெள்ளை 7. கலர் 6,000, கறுப்பு வெள்ளை 3,885, மொத்தம் 9,885. வருஷத்துக்குன்னா ஏறக்குறைய 15,000. ரிப்பேர், டேங்க், ஃபிலிம் சுத்தற டப்பா, லைட் பேட்னு ஒரு தடவைச் செலவு 9,650. இதைப் பெரியப்பாகிட்ட காட்டினேன், அவரு கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு வரியா விரல் வெச்சுப் படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு: "மூணு லட்சத்துக்கு பேங்க்ல வட்டி என்ன வரும்?" ஆறரை பர்சென்ட்னு வெச்சா வருஷம் 19,500. "உன் ஃபிலிம் 15,000. வட்டிலயே ஃபிலிம் வாங்கிட்டு மிச்சம் இருக்கே, முதலும் அப்படியே நிக்குமே"ன்னாரு. நான் 3 லட்சத்தை 15,000ஆல வகுத்து இருபது வருஷம்னு எழுதி வெச்சிருந்தேன், வட்டியை யோசிக்கவே இல்ல. அதோட டிஜிட்டல் பாடி வருஷா வருஷம் விலை இறங்கும், தங்கம் வெள்ளி மாதிரி வித்தா எடைக்கு எடை வராது.

அப்ப டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் யாருக்கு? என் சித்தி பையன் ஆத்தூர்ல கல்யாணம் எடுக்கறான், அவன் மாதிரி மாசம் நாலு கலர் ரோல் அளவு எடுக்கறவங்களுக்கு வருஷம் 72,000 ஆகும், நாலு வருஷம் சொச்சத்துல 3 லட்சம் தாண்டிரும், வட்டியைச் சேத்தாலும் அஞ்சாறு வருஷத்துல சமமாயிரும், அவனுக்கு லைக்காதான் லாபம். காசு மட்டுந்தான் கணக்குன்னா ரெண்டுமே வேண்டாம், 40,000 ரூபாய்க்கு பழைய மிரர்லெஸ் வாங்கி பழைய லென்ஸை அடாப்டர்ல மாட்டுங்க, படம் அருமையா வரும். ஆனா ரெண்டு உருவம் ஒண்ணா சேர்ற அந்த மஞ்சக் கட்டம் அதுல கெடையாது, எனக்கு வேண்டியது அதுதான். மாசம் ஒண்ணரை ரோல் எடுக்கற எனக்கு ஃபிலிமே கட்டுபடியாகுது, அதுவும் வீட்ல கழுவறதாலதான், எல்லாமே கலரா எடுத்து லேப்புக்கு அனுப்பிட்டு இருந்தா வருஷம் 25,000 ஆயிருக்கும், அப்ப இந்தப் பதிலே மாறியிருக்கும்.

இன்னொரு விஷயம். ஃபிலிம்ல இருக்கற வெள்ளில படத்துக்கு வேண்டியது போக மிச்சம் எல்லாம் ஃபிக்சர்ல, அதாவது கழுவுன படத்தை நிலைக்க வெக்கற கரைசல்ல, கரைஞ்சு இறங்கிரும், அதைச் சாக்கடைல ஊத்தக் கூடாது. பெரியப்பாகிட்ட சொன்னதும் நிமிந்து உக்காந்துட்டாரு. பட்டறைல ராவுன தூளைக் கூட்டிப் பெருக்கி, மண்ணோட சேத்து உருக்கி வெள்ளி எடுத்த கை அது, சேதாரம்ங்கற வார்த்தையையே அவருக்குப் பிடிக்காது. "ஒரு சொட்டு கொட்டாத, இங்க கொண்டா"ன்னாரு. இப்ப அவரு வீட்டுக் கொல்லைல 5 லிட்டர் கேன்ல பழைய ஃபிக்சர் சேருது, உள்ள ஸ்டீல் வுல் போட்டிருக்கோம், இரும்பு கரையக் கரைய வெள்ளி கறுப்பு வண்டலா அடில இறங்கும். போன ஞாயித்துக்கிழமை டார்ச் அடிச்சுப் பாத்தோம், அடில லேசா ஒரு கறுப்புப் படலம் கட்டியிருக்கு. கேன் நெறையட்டும், அப்புறம் உருக்கிப் பாக்கலாம்னு சொல்லியிருக்காரு.

யாஷிகால இப்ப ஓடறது 12வது ரோல், 19 படம் போயிருக்கு. 19வது, கேன் மேல குனிஞ்சு பாக்கற பெரியப்பா. 0.8 மீட்டர் தூரத்துல, கண்ணாடி ஃப்ரேமோட நெட்டு விளிம்பைக் கட்டத்துல சேத்து எடுத்தேன்.