பிரவுசர் விழுங்கும் வரை

புதிதாக ஒரு கருவி வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது செய்கிற வேலையை நாளைக்கு பிரவுசரே செய்ய ஆரம்பித்துவிட்டால், நம் நிரலிலிருந்து இதைக் கழற்ற எவ்வளவு பாடுபட வேண்டும்? வேகம், கிட்ஹப் நட்சத்திரங்கள், எந்தப் பெரிய கம்பெனி பயன்படுத்துகிறது என்பதெல்லாம் அதற்கப்புறம். கோவையில் உட்கார்ந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவனுக்கு இந்தக் கேள்வி கட்டாயம். எங்கள் வாடிக்கையாளர்கள் ஒரு மென்பொருளை வாங்கினால் பத்து வருஷமாவது ஓட்டுவார்கள். பிரவுசரில் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பத்து வருஷம் தாக்குப்பிடித்த கருவிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ஜேகுவெரியை இன்று கிண்டல் செய்வது சுலபம். 2006-இல் ஜான் ரெசிக் அதை வெளியிட்ட காலத்தில் ஒரு பட்டன் அழுத்தப்பட்டதைக் கவனிக்கவே இரண்டு விதமாக எழுத வேண்டும்: இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ‘அட்டாச்இவென்ட்’, ஃபயர்பாக்ஸுக்கு ‘ஆட்இவென்ட்லிஸனர்’. அந்தத் தலைவலி மொத்தத்தையும் ஒரு டாலர் குறிக்குள் அடக்கிக் கொடுத்தது ஜேகுவெரி. பிறகு, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸின் பாணியில் பக்கத்தின் பகுதிகளைத் தேடும் வசதி ‘குவெரிசெலக்டர்’ என்று பிரவுசருக்குள்ளேயே வந்தது. பக்கத்தை மாற்றாமல் சர்வரிடம் தரவு கேட்கும் ஏஜாக்ஸுக்கு மாற்றாக 2015 வாக்கில் ‘ஃபெட்ச்’ வந்தது. அனிமேஷனை சிஎஸ்எஸ் எடுத்துக்கொண்டது. ஜேகுவெரி கேட்டதையெல்லாம் பிரவுசர் கொடுத்துவிட்ட பிறகு அதற்கு வேலை குறைந்துவிட்டது, அவ்வளவுதான். மற்றவற்றுக்கும் இதே கதைதான்: ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்படும் குட்டி மொழியான காஃபிஸ்கிரிப்டின் அம்புக்குறி ஃபங்ஷன் 2015-இல் ஜாவாஸ்கிரிப்டுக்கே வந்தது. சிஎஸ்எஸ் எழுதுவதை எளிதாக்கிய சாஸ் கொடுத்த மாறிகளை சிஎஸ்எஸ்ஸே ஏற்றுக்கொண்டது. ஒன்றுக்குள் ஒன்றாக விதிகளை எழுதும் வசதி 2023-இல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது.

லெஃப்ட்பேட் கதை பலருக்கும் தெரியும். 2016 மார்ச்சில் ஒருவர் ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து தன் பொதிகளை எடுத்துவிட்டார். அதில் ஒன்றான லெஃப்ட்பேட் வெறும் 11 வரி. எழுத்துக்கு இடப்பக்கம் சைபரோ இடைவெளியோ போட்டு நீட்டுவது மட்டும்தான் அதன் வேலை. நிரலைப் பழைய பிரவுசர்களுக்கு ஏற்ப மாற்றும் பேபல் உட்பட, உலகம் முழுக்கப் பல பில்டுகள் (நிரலைத் தொகுக்கும் வேலைகள்) விழுந்தன. அந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்திய பகுதி: அதே வேலையைச் செய்யும், ஏற்கெனவே பரிசீலனையில் இருந்த ‘பேட்ஸ்டார்ட்’ ஜாவாஸ்கிரிப்டின் 2017 தரநிலையில் சேர்ந்தது. எங்கள் டெலிவரி சலான் எண்ணுக்கு முன்னால் சைபர் போடுவது இன்று மொழியிலேயே இருக்கிற ஓர் அழைப்பு.

இப்படி விழுங்கப்படக்கூடிய கருவிகளை நான் தைரியமாக எடுத்துக்கொள்வேன். சின்னதாக ஒரு குறையை அடைக்கும், குறை தீர்ந்ததும் விலகிக்கொள்ளும். பயம் வருவது நிரலின் எலும்புக்கூடாகவே மாறிவிடுகிறவற்றிடம்தான். முழுச் செயலியையும் தன்மேல் கட்டவைக்கும் ஆங்குலர்ஜேஎஸ் 2010-இல் வந்தது; அதில் எழுதியவர்களுக்கு 2016-இல் வந்த ஆங்குலர் 2 கிட்டத்தட்ட வேறொரு கருவி. பழையதற்கான ஆதரவு 2021 கடைசியோடு முடிந்தது. அதில் எழுதிய திரைகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் பனியன் கம்பெனிகளை எனக்குத் தெரியும். அவர்களைப் பொறுத்தவரை எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆர்டர் ஏறுகிறது, பில் வருகிறது. அதைத் தொட வேண்டிய நாள் வரும்போதுதான் செலவு தெரியும்.

“அண்ணா, பேக்கிங் என்ட்ரியை ரியாக்ட்ல மாத்திரலாமுங்களா?” என்று அலுவலகத் தம்பி ஒருவன் அடிக்கடி கேட்பான். திரைகளைக் கட்ட உதவும் ரியாக்ட் மேல் எனக்கு வெறுப்பில்லை. 2013-இல் வந்தது, இன்றும் நிற்கிறது. எங்கள் மென்பொருளில் உற்பத்தித் திட்டப் பலகை ரியாக்டில்தான் ஓடுகிறது. எந்த ஆர்டர் எந்த லைனில், எந்தத் துணி டையிங்கிலிருந்து இன்னும் வரவில்லை, ஒன்றை நகர்த்தினால் மற்றது எங்கே இடிக்கும் என்று ஒரே திரையில் ஐம்பது விஷயம் அசையும் இடம் அது. ஆனால் பேக்கிங் என்ட்ரி அப்படியில்லை. செக்கிங், அயர்னிங் முடிந்து வந்த பீஸ்களை சைஸ்வாரியாக எண்ணி, அட்டைப்பெட்டி எண்ணைப் போட்டு, சேமிக்க வேண்டும். அதைச் செய்கிற அக்காவின் கையில் இருப்பது திரை கீறிய, விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன். குடோனின் கடைசி மூலையில் சிக்னல் ஒரு கோடுதான்.

அந்த போனில் ஜாவாஸ்கிரிப்டின் செலவு இறக்குவதோடு முடிவதில்லை. இறக்கியதைப் பிரித்துப் படித்து, ஓட்டி, அதன் பிறகுதான் திரையில் பெட்டி வரும். என் மேக்புக்கில் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பது அங்கே கண்முன்னால் இழுக்கும். சர்வரிலிருந்து நேராக வரும் ஹெச்டிஎம்எல் ஃபார்முக்கு இந்தப் பிரச்சினை இல்லை; பிரவுசர் வந்தவரைக்கும் காட்டத் தொடங்கிவிடும். அதனால் அந்தத் திரை இன்னும் பழைய பாணி ஃபார்ம்தான். பக்கம் முழுக்க மறுபடி வராமல் ஒரு பகுதியை மட்டும் மாற்ற ஹெச்டிஎம்எக்ஸ் சேர்த்திருக்கிறோம். சர்வரிலிருந்து ஹெச்டிஎம்எல் துண்டை வாங்கி உரிய இடத்தில் வைப்பதுதான் அது செய்வது. அதை எடுத்துவிட்டாலும் ஃபார்ம் சாதாரண ஃபார்மாக வேலை செய்யும்படி எழுதியிருக்கிறோம். தம்பிக்கு இது கொஞ்சம் கௌரவக் குறைவு. அடுத்த இன்டர்வியூவில் யாரும் ஹெச்டிஎம்எக்ஸ் கேட்க மாட்டார்கள் என்கிறான். அதில் நியாயம் இருக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இணையத் தொழில்நுட்பத்தில் கடந்த சில வருஷங்களில் எனக்கு உண்மையில் சந்தோஷம் கொடுத்தவை பெரிய பெயர்கள் எதுவுமில்லை. ‘இன்டல்’ என்று ஜாவாஸ்கிரிப்டுக்குள் ஒரு பகுதி இருக்கிறது. 1234567 என்று எண்ணைக் கொடுத்து இந்தியாவுக்கு என்று சொன்னால் 12,34,567 என்று லட்சக் கணக்கில் கமா போட்டுத் தரும். ஒரு காலத்தில் இதற்காக ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்து அமைப்பைத் தேடும் சூத்திரம்) ப்ராஜெக்டுக்கு ப்ராஜெக்ட் கடத்திக்கொண்டிருந்தோம். அதை எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது, தொட யாருக்கும் துணிவும் கிடையாது.

அதே பகுதியில் ‘செக்மென்டர்’ என்று இன்னொன்று. லேபிளில் தமிழில் ஊர்ப்பெயர் அடிக்கிறவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். கோயம்புத்தூர் என்ற பெயரில் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 13 என்னும். புள்ளி தனி, கால் தனி, கொம்பு தனி என்று யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது அது. லேபிளில் 12 இடம்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் கடைசிப் புள்ளி போய் ‘கோயம்புத்தூர’ என்று நிற்கும். செக்மென்டர் இதை ஏழாகவே பிரித்துத் தரும். குரோமில் 2020-லேயே இருந்தது. ஃபயர்பாக்ஸில் 2024-இல் வந்த பிறகுதான் நிம்மதியாகப் பயன்படுத்த முடிந்தது. அதிலும் ஒரு குறும்பு உண்டு: ‘ஸ்ரீ’யை இரண்டாகவும், ‘க்ஷ’வை இரண்டாகவும் அது எண்ணும். திருப்பூரில் ஸ்ரீயும் லக்ஷ்மியும் இல்லாத கம்பெனிப் பெயர்ப் பலகைகளைத் தேடிப் பாருங்கள். அந்த இரண்டுக்கும் மட்டும் நாங்கள் தனியாக ஒரு விதி எழுதி வைத்திருக்கிறோம்.

அடுத்து நான் காத்திருப்பது தேதிகளுக்கான புதிய பகுதியான ‘டெம்போரல்’. 1995-இல் ஜாவாஸ்கிரிப்டை அவசரமாக உருவாக்கியபோது தேதிக்கான ‘டேட்’ பகுதியை அன்றைய ஜாவாவிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஜனவரியை 0 என்று எண்ணும் வழக்கம் அங்கிருந்து வந்தது. அதைவிடத் தொல்லை, ஏப்ரல் 1 என்று வெறும் தேதியைக் கொடுத்தால் அதை யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்வது. திருப்பூரில் பார்த்தால் ஏப்ரல் 1 காலை 5.30, பிரச்சினையில்லை. அதையே நியூயார்க்கில் இருக்கும் பையர் திறந்தால் மார்ச் 31. ஷிப்மென்ட் தேதி ஒரு நாள் முந்திவிடும். நமக்கோ அது நிதியாண்டே மாறும் இடம். டெம்போரலில் நேரமே இல்லாத வெறும் தேதிக்கு ஒரு வகை இருக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2025-இல் அதைக் கொண்டுவந்துவிட்டது. எங்கள் ஆட்களின் எல்லா போன்களுக்கும் வந்து சேரும்வரை, பிரவுசரில் இல்லாததை ஈடுகட்டும், பின்னால் கழற்றிவிடக்கூடிய ஒரு பாலிஃபில்லோடு ஓட்டலாம்.

ஜாவாஸ்கிரிப்டில் வகைக் குறிப்புகளைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, போடுங்கள். வகைக் குறிப்புகளை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஜாவாஸ்கிரிப்ட் என்பதால் என் சோதனையில் அது சுலபமாகத் தேறுகிறது. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடின் புதிய பதிப்புகள் வகைக் குறிப்புகளைத் தாமே உதறிவிட்டு அந்தக் கோப்புகளை நேரடியாக ஓட்டுகின்றன. நிரல் கோப்புகளைத் தொகுத்துத் தரும் வைட் பற்றியும் அதே. அதே வேலைக்கான பழைய கருவி வெப்பேக்கின் அமைப்புக் கோப்பை எழுதிப் பழகியவன் எவனும் வைட்டைக் குறை சொல்ல மாட்டான்.

ஏஐ கருவிகள்தான் என் கேள்விக்குள் அடங்குவதில்லை. நிரல் எழுத உதவும் கோபைலட் 2021-இல் முன்னோட்டமாக வந்தது. இன்று ஒரு முழுத் திரையையே எழுதிக் கொடுக்கும் கருவிகள் எங்கள் எல்லோருடைய எடிட்டரிலும் இருக்கின்றன. பழைய ஜேகுவெரி திரைகளை மாற்றுவது, டெஸ்ட் எழுதுவது, யாரோ எழுதிவிட்டுப் போன நீளமான எஸ்க்யூஎல் தரவுத்தளக் கேள்வியை விளக்கச் சொல்வது, இவற்றில் அதன் உதவியை மறுத்துப் பேசினால் அது வீம்பு. ஆனால் அது படித்து வளர்ந்தது நேற்று வரை எழுதப்பட்ட நிரலை. ஒரு பாப்அப் பெட்டி கேட்டால் பின்னணியை மறைக்க ஒரு டிவ், எஸ்கேப் விசையைக் கவனிக்க ஒரு ஃபங்ஷன், ஃபோகஸைக் கட்டிவைக்க ஒரு லைப்ரரி என்று அடுக்கும். 2022 முதல் எல்லா முக்கிய பிரவுசர்களிலும் இருக்கும் ‘டயலாக்’ டேக் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். பெயர் சொல்லிக் கேட்டால் உடனே அழகாக எழுதிவிடும். அந்தப் பெயர் கேட்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, பொதிகளைச் சேர்ப்பதில் அதற்குத் தாராள மனசு. சில சமயம் இல்லாத பொதியின் பெயரையே சொல்லும். அந்தப் பெயரில் யாராவது விஷமான பொதியை ஏற்றி வைத்துக் காத்திருக்கலாம். இருக்கிற பொதிகளே நம்பகமில்லை என்பதை 2025 செப்டம்பர் காட்டியது. ஃபிஷிங் மின்னஞ்சலில் பராமரிப்பாளரை ஏமாற்றி, சாக், டீபக் போன்ற வாரம் கோடிக்கணக்கில் இறக்கப்படும் என்பிஎம் பொதிகளுக்குள்ளேயே கிரிப்டோ திருடும் நிரலைப் புகுத்தினார்கள். சில மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் பில்டு ஓட்டியவர்கள் உலகில் எத்தனை பேரோ.

அதனால் இப்போது எங்கள் குழுவில் யார் எழுதினாலும் சரி, கருவி எழுதினாலும் சரி, பொதிகளைப் பட்டியலிடும் ‘பேக்கேஜ் ஜேசன்’ கோப்பில் புதிதாக ஒரு வரி ஏறினால் அந்தக் கமிட்டில் (மாற்றத்தைப் பதியும் குறிப்பில்) இரண்டு விஷயம் இருக்க வேண்டும்: இதை பிரவுசரோ நோடோ ஏன் செய்யாது, எடுக்கிற நாளில் எத்தனை கோப்புகளைத் தொட வேண்டியிருக்கும். தம்பி முதலில் முணுமுணுத்தான். போன வாரம் சார்ட் லைப்ரரி ஒன்றை நான் சேர்க்கப்போனபோது, “அண்ணா, உங்க கமிட்ல ரெண்டாவது பதிலைக் காணோமுங்களே” என்று திருப்பி அனுப்பிவிட்டான். நாலே நாலு பட்டைகள் கொண்ட படம் அது, பிரவுசரே வரைந்து காட்டும் எஸ்விஜியில் கையாலேயே வரைந்துவிடலாம் என்று கீழே ஒரு குறிப்பும் போட்டிருந்தான். எஸ்விஜியில்தான் வரைந்தேன்.